மணிக்கூண்டு அலமாரிக்குப் பின்னால்

ஸ்கார்பி கிராமத்துத் தேவாலயத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் பாட்டு வாசித்தது ஒரு சிடி பிளேயர்தான். நாலாவது வரியில் வழக்கம்போலத் திக்கியது. பாதிரியார் கிளைவ் குனிந்து அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அது ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவியது. பெஞ்சுகளில் இருந்த கொஞ்சப் பேரில் பாதிப்பேர் பழைய வரியிலும் பாதிப்பேர் புது வரியிலும் நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். கோயில் பொறுப்பாளர் தெல்மா டிரிங், பாட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். கிளைவ் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பாட்டுக்கு வாசிக்கிற ஆர்கன் வாத்தியம் அங்கேயேதான் இருந்தது. ஒரு குழாய்கூடப் பழுதில்லை. அதன் சாவி தெல்மாவின் கோட்டுப் பைக்குள் கிடந்தது. வாசிக்கிறவரும் செத்துப் போய்விடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் தன் வீட்டில் உட்கார்ந்து பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் ஏன் வருவதில்லை என்று யாராவது கேட்டால் வெட்கத்தை விட்டுத்தான் சொல்ல வேண்டும். எழுநூறு வருஷமாக நிற்கிற அந்தக் கோயிலில் ஒரு கழிப்பறை கிடையாது.

இடா ஓட்லிங் அம்மாளுக்கு எண்பத்தெட்டு வயது. ஊரில் பாதிப்பேருக்குப் பியானோ சொல்லிக் கொடுத்த கை. தெல்மாவின் கல்யாணத்துக்கும் அவர்தான் வாசித்தார், தெல்மாவின் அப்பாவை அடக்கம் பண்ணியபோதும் அவர்தான் வாசித்தார். இருதயத்துக்கு என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை விழுங்கினால் அரைமணிக்கு ஒருதரம் ஓட வேண்டும். எங்கே ஓடுவது? பக்கத்துச் சாராயக் கடை மத்தியானம்தான் திறக்கும். தெல்மாவின் பண்ணை வீட்டுக்கு இரண்டு வயல்களைத் தாண்ட வேண்டும். மிச்சம் இருந்தது கல்லறைத் தோட்டத்து மூலையில் நிற்கும் பெரிய யூ மரம்.

போன வருஷம் ஒரு மழை நாளில், பிரசங்கம் நீண்டுகொண்டே போக, இடா அம்மாள் ஆர்கன் பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்து அந்த மரத்துக்குப் பின்னால் போனார். அன்றைக்கென்று பட்டணத்திலிருந்து பழைய கோயில்களைச் சுற்றிப் பார்க்கிற கூட்டம் ஒன்று வந்திருந்தது. கூரை விளிம்பில் இருக்கிற கல் முகங்களைப் படம் எடுக்க, காமிராவும் கையுமாக அந்தப் பக்கம் வளைந்தார்கள். இடா அம்மாள் திரும்பி வந்தார், கடைசிப் பாட்டை ஒரு சுரம் பிசகாமல் வாசித்து முடித்தார், ஆர்கனைப் பூட்டினார், சாவியைத் தெல்மாவின் கையில் வைத்தார்.

"நீயே வெச்சுக்க கண்ணு. நான் இனிமே வரல."

"ஐயோ இடாம்மா, யாரும் ஒண்ணும் பாத்திருக்க மாட்டாங்க."

"ஒருத்தன் தொப்பியைக் கழட்டி வணக்கம் வெச்சான் கண்ணு. பாக்காமலா வெச்சான்?"

அன்றைக்குத் தெல்மாவுக்கு ஏறிய கோபம் பிறகு இறங்கவே இல்லை. பன்றிகளுக்குத் தீனி போடும்போதும் அதே பேச்சு, சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. அவள் புருஷன் லென் எதற்கும் தலையாட்டிக்கொண்டே உருளைக்கிழங்கைத் தின்பான்.

"நம்ம பன்னிக்குக்கூடத் தனி இடம் இருக்கு லென். அதுவே அங்க போயித்தான் வெளிக்கு இருக்குது. ஒரு ஆர்கன் வாசிக்கிற பொம்பளைக்கு இல்ல."

"பன்னி பிரசங்கம் கேக்கறதில்லையே," என்றான் லென்.

கேட்டவுடன் கட்டிவிட முடியுமா? பழைய கோயிலில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் பிஷப்புக்குக் கீழே இருக்கிற மறைமாவட்டத்து ஆலோசனைக் குழுவின் சம்மதம் வேண்டும். அந்தக் குழுவுக்காக வந்துபோகிறவர் டாக்டர் ஆல்ஸ்டன் என்கிற வரலாற்றுக்காரர். கெட்ட மனிதர் இல்லை. கல்லைத் தொட்டால் அவருக்குக் கண் கலங்கிவிடும். மனுஷருக்காக அந்தக் கண் கலங்கி ஸ்கார்பியில் யாரும் பார்த்ததில்லை.

முதலில் கோயிலுக்கு வடக்கே சின்னதாக ஓர் அறை கேட்டார்கள். அங்கே தோண்டினால் பழைய எலும்புகள் வரும், கூடாது என்றார். யூ மரத்தின் பக்கத்தில் ஒரு மரக் கொட்டகை கேட்டார்கள். சாலையிலிருந்து பார்க்கிற அழகு கெட்டுவிடும் என்றார். கடைசியில், மணிக்கூண்டின் அடித்தளத்தில், பூச்சாடிகள் வைக்கிற பெரிய அலமாரி நிற்கிற மூலையைத் தெல்மா காட்டினாள். வெளியிலிருந்து தெரியாது, எலும்பும் இல்லை, ஆர்கனுக்கும் கூப்பிடு தூரம். டாக்டர் ஆல்ஸ்டன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் தெல்மாவுக்கு ஆகவே ஆகாது.

"எழுநூறு வருஷமா இந்தக் கட்டடத்துல யாருக்கும் அது தேவைப்படல, மிசஸ் டிரிங்."

"தேவைப்படலையா? எழுநூறு வருஷமா அடக்கிக்கிட்டேவா சாமி கும்பிட்டாங்க?"

கிளைவ் தன் ஷூவைப் பார்த்தார். அவருக்கு இதுமாதிரி ஏழு கோயில்கள், ஏழிலும் ஒழுகுகிற கூரை, ஏழிலும் யாரையாவது பார்த்துப் பயம்.

"இந்தச் சுவரோட முழுமையை நாம காப்பாத்தணும்," என்றார் டாக்டர்.

தெல்மா அவர் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய் நடுக்கூடத்தில் நிறுத்தினாள். "எந்த முழுமை டாக்டர்? இந்தப் பக்கச் சுவரை மொத்தமா இடிச்சுத் தூண் நிறுத்தினானே, அவன் யார்கிட்ட கேட்டான்? ஆட்டு ரோமம் வித்த காசுல கூரையைத் தூக்கி ஜன்னல் வெச்சானே, அவன்? சுவர் நிறையச் சித்திரம் இருந்துது, அதுமேல சுண்ணாம்பு அடிச்சானே, அவன்? எங்க தாத்தா காலத்துல அடுப்புப் புகை போக அதோ அந்த மூலையில ஓட்டை போட்டாங்க. அவனவனுக்கு என்ன வேணுமோ அவனவன் செஞ்சுக்கிட்டான். அதைத்தான் நீங்க வந்து படம் எடுக்கறீங்க. நாங்க ஒரு கக்கூஸ் கேட்டா மட்டும் கோயில் கெட்டுப் போயிடுமா?"

"அவங்க செஞ்சதெல்லாம் இப்ப வரலாறு ஆயிடுச்சு, மிசஸ் டிரிங்."

"அப்ப நாங்களும் கட்டிட்டு, வரலாறு ஆகட்டும்னு காத்திருக்கோம்."

டாக்டர் கடைசியில் ஒன்றுக்குச் சம்மதித்தார். அலமாரியை நகர்த்திப் பின்சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம், பார்த்த பிறகு குழு முடிவு சொல்லும்.

அடுத்த சனிக்கிழமை காலையில் லென் இரண்டு ஆட்களோடு வந்தான். அலமாரிக்குள்ளிருந்து பூச்சாடிகளும், கிறிஸ்மஸ் குடிலின் காது உடைந்த கழுதையும், யாரோ எப்போதோ மறந்துவிட்டுப் போன ஒற்றைக் கையுறையும் வெளியே வந்தன. அலமாரியை நகர்த்தினால் பின்னால் பலகை. பலகையைப் பெயர்த்தால் பூச்சு. லென் அதை விரல் முட்டியால் தட்டினான். தொப்தொப்பென்றது. இன்னொருதரம் சற்று ஓங்கித் தட்டினான். பூச்சு பெயர்ந்து அவன் காலில் விழுந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது, அதில் வெட்டின புல்லின் வாசம்.

டார்ச் விளக்கை வாங்கித் தெல்மாதான் முதலில் தலையை நுழைத்தாள். சுவரின் தடிமனுக்குள்ளேயே ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு அறை. இரண்டு படி. மேலே ஒரு கல் திண்டு. திண்டின் நடுவில் வட்டமாக ஒரு துளை, ஓரமெல்லாம் தேய்ந்து வழவழப்பாக. துளைக்குக் கீழே ஒரு சரிவு, அதன் கடைசியில் வெளி வெளிச்சம் ஒரு பொட்டாகத் தெரிந்தது.

லென் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "தெல்மா, நான் நினைக்கறதுதானா இது?"

தெல்மா படி ஏறினாள், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தத் திண்டின்மேல் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள் கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். "அளவெடுத்து வெட்டின மாதிரி இருக்கு லென்!"

மறுநாளே டாக்டர் ஆல்ஸ்டன் ஓடி வந்தார். தரையில் மண்டியிட்டு அந்தத் துளையைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மணிக்கூண்டிலேயே தங்கியிருந்த ஏதோ ஒரு பாதிரியாருக்காகக் கட்டியிருக்கிறார்கள், கிராமக் கோயிலில் இதுமாதிரி இருப்பது மிகவும் அபூர்வம், ஒரு கல்கூட அசையவில்லை என்று மூச்சு விடாமல் சொன்னார்.

"அப்ப, தேவைப்பட்டிருக்கு," என்றாள் தெல்மா.

அது அவர் காதில் விழவில்லை. விழாவிட்டால் என்ன? இனி எந்த வாயால் கூடாது என்பார்? தெல்மா நேராக இடா அம்மாள் வீட்டுக்குப் போனாள். கதையைக் கேட்டு அவர் பூனை பயந்து ஓடுகிற அளவுக்குச் சிரித்தார். சாவியைத் திரும்ப நீட்டியபோது ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"குழாய்ல தண்ணி வர்ற அன்னிக்கு வர்றேன் கண்ணு. அதுவரைக்கும் இது எங்கிட்ட சும்மா இருக்கட்டும்."

குழுவின் முடிவு வந்தது. ஏழெட்டுப் பக்கக் கடிதம். மரியாதையான வார்த்தைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது இவ்வளவுதான்: மணிக்கூண்டில் எழுநூறு வருஷத்துக் கழிப்பறை இருப்பது தெரிந்துவிட்டதால், மணிக்கூண்டில் கழிப்பறை கட்டக் கூடாது.

படித்தவர்கள் கூடி உட்கார்ந்து, டீ குடித்து, கையைத் தூக்கி எடுத்த முடிவு இது. குழாய் கூடாது. கை கழுவுகிற தொட்டி கூடாது. கதவு கூடவே கூடாது, பார்வையை மறைக்குமாம். ஆனால் விளக்கு வைக்கலாம். விளக்குக்கு வயர் இழுக்கச் சுவரில் துளை போடலாம். படிக்கு முன்னால் இரண்டு பித்தளைக் கம்பம் நட்டுச் சிவப்புக் கயிறு கட்டலாம். தொடாதீர்கள் என்று பலகை மாட்டலாம். ஒரு கிழவிக்காகக் கேட்டபோது கையை விரித்த சுவர், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக எத்தனை துளையையும் தாங்குமாம். தெல்மா அதைப் படித்துவிட்டுக் கிளைவிடம் கேட்டாள்: "ஐயா, இவங்க வீட்டுல எல்லாரும் எங்க போறாங்க?"

"மேல்முறையீடு பண்ணலாம் தெல்மா," என்றார் அவர், ஷூவைப் பார்த்துக்கொண்டே.

"அது முடியறதுக்குள்ள இடாம்மாவும் வரலாறு ஆயிடுவாங்க."

அந்தப் பழைய கழிப்பறையை எல்லாரும் பார்க்கத் திறந்துவைக்கிற விழாவுக்குப் பிஷப் வருகிறார் என்று தெரிந்ததும் கிளைவே நேரில் போய் இடா அம்மாளைக் கேட்டார். பிஷப்புக்கு முன்னால் சிடி பிளேயர் திக்கினால் மானம் போய்விடும், இரண்டே பாட்டு, முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று. இடா அம்மாள் தெல்மாவுக்காக ஒப்புக்கொண்டார். விழா நாள் காலையில் அவரைக் கூட்டிவரப் போன தெல்மாவுக்கு உதடு காய்ந்திருந்த அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது.

"டீ குடிச்சீங்களா?"

"இல்ல."

"தண்ணி?"

"ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் இல்ல. மாத்திரையை மட்டும் போட்டுட்டேன், அதை விட்டா நெஞ்சு படபடங்குது. கத்தாத கண்ணு. ரெண்டு பாட்டுத்தானே, தாங்கிடுவேன்."

ஒரு மனுஷி, தான் பிறந்து ஞானஸ்நானம் வாங்கின கோயிலுக்குள் போக நாக்கு வறளக் கிடக்க வேண்டியிருக்கிறது. கார்க் கதவைத் தெல்மா சாத்திய வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

கோயில் நிறைந்திருந்தது. பட்டணத்துக்காரர்கள், ஆலோசனைக் குழுவினர், முன்வரிசையில் ஊதாச் சட்டையோடு பிஷப். பின்சுவரோரமாக ஊர்க்காரர்கள். வெளியே மழை கொட்டியது. முதல் பாட்டுக்கு இடா அம்மாள் ஆர்கனில் கை வைத்ததும் கூரையே நிமிர்ந்த மாதிரி இருந்தது. ஒரு வருஷத்துக்கப்புறம் ஸ்கார்பி வாய்விட்டுப் பாடியது. லென்கூடப் பாடினான்.

பிறகு டாக்டர் ஆல்ஸ்டன் எழுந்தார். சில நிமிஷம்தான் பேசுவேன் என்றார். விளக்குப் போட்டுக் காட்டினார். துளையின் வழவழப்பைப் பற்றிச் சொன்னார். சரிவின் கோணத்தைப் பற்றிச் சொன்னார். அந்தப் பாதிரியார் என்ன சாப்பிட்டிருப்பார் என்பதுவரை போனார். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணை மறந்துடக் கூடாது. அந்தக் காலத்துக் கொத்தன், பிரார்த்தனை பண்றவனுக்கும் ஒரு உடம்பு இருக்குன்னு நினைச்சுப் பாத்திருக்கான். இந்தக் கல்லுல நாம பாக்கறது அவனோட கரிசனம்."

தெல்மா அப்போது ஆர்கன் பக்கம் பார்த்தாள். இடா அம்மாள் இரண்டு கைகளாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. தெல்மாவைப் பார்த்தவர் தலையை மெல்ல ஆட்டினார், முடியவில்லை என்று.

ஜன்னலில் மழை அடித்தது. யூ மரம் அந்தக் கோடியில். டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார்.

தெல்மா எழுந்து நேராக நடந்தாள். "இடாம்மா, வாங்க."

"எங்க கண்ணு? மழை கொட்டுதே."

"வெளிய இல்ல."

இடா அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். இருவரும் நடுக்கூடத்தின் வழியாக, எல்லாரும் பார்க்க, மணிக்கூண்டை நோக்கி நடந்தார்கள். போகிற வழியில் தெல்மா தூணில் சாய்த்திருந்த தாய்மார் சங்கத்துப் பெரிய பட்டுக் கொடியை உருவிக்கொண்டாள். சிவப்புக் கயிற்றை அவிழ்த்துத் தரையில் போட்டாள்.

"மிசஸ் டிரிங்! அது பதினாலாம் நூற்றாண்டு!"

"தெரியும் டாக்டர். இவ்வளவு நேரமா நீங்கதானே சொன்னீங்க."

"அது காட்சிக்கு வெச்சிருக்கறது!"

"இவங்க காட்சிக்கு வெச்சவங்க இல்லையே. நகருங்க. அந்தக் கொத்தனோட கரிசனத்தை வாங்கிக்க ஒருத்தங்க வந்திருக்காங்க."

அவர் நகரவில்லை. லென் எழுந்து வந்து, அவரைத் தொடாமல், பன்றி வாங்க வந்தவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். டாக்டர் நகர்ந்தார். தெல்மா இடா அம்மாளைக் கைத்தாங்கலாக இரண்டு படி ஏற்றிவிட்டாள். கொடியின் ஒரு கழியை லென் பிடித்தான், மறு கழியைத் தெல்மா பிடித்தாள். குழந்தையை ஏந்திய மாதா பொறித்த அந்த நீலப் பட்டு வாசலை முழுசாக மறைத்தது. கோயிலில் ஒரு சத்தமில்லை. உள்ளே நடப்பது எல்லார் காதிலும் விழும், அந்த அமைதிதான் ஆபத்து என்று தெல்மாவுக்குப் புரிந்தது. கூட்டத்தைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

அப்போது யாரும் எதிர்பாராதபடி கிளைவ் வாயைத் திறந்தார். ஆர்கன் இல்லாமல், புத்தகம் இல்லாமல், சுதி தப்பி, தொண்டை கிழிய ஒரு பாட்டை எடுத்தார். பின்வரிசை ஊர்க்காரர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஸ்கார்பி அன்று பாடிய மாதிரி அந்தக் கோயிலில் யாரும் பாடியிருக்க முடியாது. மூன்று சரணம் முடிந்து நாலாவதற்குள் போகும்போது கொடி உள்ளேயிருந்து மெல்ல விலகியது.

இடா அம்மாள் பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு இறங்கினார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. டாக்டர் ஆல்ஸ்டனுக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"கட்டினவன் நல்லாக் கட்டியிருக்கான் தம்பி. இன்னும் வேலை செய்யுது."

"இது... இது இன்னொரு தடவை நடக்கவே கூடாது," என்றார் டாக்டர்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நடக்கும்," என்றாள் தெல்மா. "அதுக்கு அடுத்த வாரமும் நடக்கும். ஒரு குழாயும் கதவும் நீங்க குடுக்கற வரைக்கும் வாராவாரம் நடக்கும். கொடி எங்ககிட்ட இருக்கு. போலீசைக் கூப்பிடறதுன்னா பிரசங்கத்துக்கு முன்னாடியே வரச் சொல்லுங்க, உக்கார இடம் இருக்கும்."

இடா அம்மாள் ஆர்கனுக்குப் போய் உட்கார்ந்தார். கடைசிப் பாட்டு முழங்கியது. தெல்மா கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ மெல்லக் கனைத்தார்கள். பிஷப். அவரும் வயதானவர்தான். வந்ததும் இரண்டு கோப்பை டீ குடித்திருந்தார். டாக்டரின் பேச்சு முழுவதையும் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்து கேட்டிருந்தார்.

"மிசஸ் டிரிங்," என்றார் ரகசியமாக. "அந்தக் கொடியை இன்னும் ஒரு நிமிஷம் பிடிக்க முடியுமா?"

தெல்மா அவரைப் பார்த்தாள். பின்னால் சிவப்புக் கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த டாக்டர் ஆல்ஸ்டனைப் பார்த்தாள். கட்டிய கயிற்றுக்கு மேலே பலகை தொங்கியது.

"தொடக் கூடாதுன்னு போட்டிருக்காங்களே ஐயா. உங்க குழுதான் போட்டுது." வாசலைக் காட்டினாள். "கல்லறைத் தோட்டத்துக் கோடியில ஒரு யூ மரம் இருக்கு. நாங்க எல்லாரும் அங்கதான் போவோம். இந்தாங்க, குடை."

பிஷப் ஒரு கணம் தயங்கினார். பிறகு குடையை வாங்கிக்கொண்டு, ஊதாச் சட்டையோடு, முழங்கால்வரை நனைகிற புல்லில் கல்லறைகளுக்கு நடுவே வேகமாக நடந்தார். பட்டணத்துக்காரர்களில் இரண்டு பேர் கல் முகங்களைப் படம் எடுக்கக் காமிராவோடு அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார்கள். தெல்மா அவர்களைக் கூப்பிடலாமா என்று பார்த்தாள், கூப்பிடவில்லை. உள்ளே இடா அம்மாள் கடைசிப் பாட்டை முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். பிஷப் திரும்பி வந்து ஆசீர்வாதம் சொல்லும்வரை கூட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டுமே.